‘சின்ன வண்டிக்கு இது போதும்’ என்பவர்களுக்கு

சென்ற மாதம் நண்பர்கள் சிலர் கூடிய சந்திப்பொன்றில், நாவல் பற்றிய விவாதம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு கார்களின் பக்கம் திரும்பியது. புதிதாகச் சிறு கார் வாங்கியிருந்த நண்பர் ஒருவர், சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது என்று குறைபட்டுக்கொண்டார். இன்னொரு நண்பர், தேர்ந்த வாசகர், நான் மதிப்பவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: “சின்ன வண்டிக்கு இது போதும். எஞ்சின் வழவழவென்று ஓடவில்லை என்பதெல்லாம் வயிறு நிறைந்தவர்களின் புலம்பல். நம் ஜனங்களுக்கு வேண்டியது மைலேஜ்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் ‘போதும்’ உறுத்திக்கொண்டே வந்தது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நண்பரின் வாக்கியத்துக்குள் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. எஞ்சினின் அதிர்வு ரசனை சார்ந்த விஷயம் என்பது ஒன்று. எளிய மனிதர்களின் உடல் அதைப் பொருட்படுத்தாது என்பது இன்னொன்று. முதலாவது பிழை. இரண்டாவது பிழை என்பதோடு கொடுமையும்கூட. அதை நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு.

நான் ஆர்.கே.பேட்டைக்காரன். திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். ராமகிருஷ்ணராஜபேட்டை என்பது முழுப்பெயர். அந்தப் பெயரைச் சொன்னால் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, எல்லைக்கு அப்பால் நகரி என்று இந்த வட்டாரமே விசைத்தறியை நம்பிப் பிழைப்பது. தறி ஓடும் தெருவில் பிறந்தவனுக்கு அதிர்வு என்பது காதால் கேட்டு அறிவதல்ல. திண்ணையில் உட்கார்ந்தால் இடுப்பில் தெரியும். சுவரில் சாய்ந்தால் முதுகில் தெரியும். குடத்துத் தண்ணீரின் மேல் வளையம் வளையமாகத் தெரியும்.

என் தந்தையை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம், எல்லைப்புற வழக்கம். நாற்பது வருடம் தறி ஓட்டியவர். நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அடிபட்டுப் பறக்க, ஊடை விழ, சட்டம் வந்து மோத, நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் இது நடக்கும். தறிகள் நெருக்கமாக ஓடும் கூடத்தில் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டிவிடும். எட்டு மணி நேர வேலைக்கு நம் தொழிற்சாலை விதிகள் அனுமதிக்கும் எல்லையே 90 டெசிபல்தான். நைனாவுக்கு இப்போது இடது காது ஏறக்குறையக் கேட்பதில்லை. ஆனால் தறியின் சட்டத்தில் உள்ளங்கையை வைத்து, எந்தப் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று இன்றும் சொல்லிவிடுவார். அவருக்குக் கூலி மீட்டர் கணக்கில் தரப்பட்டது. நெய்த மீட்டரை அளந்தார்கள். காது எவ்வளவு போயிற்று, கை எவ்வளவு மரத்தது என்பதை யாரும் அளக்கவில்லை. அளக்காததால் அதற்குக் கூலியும் இல்லை, நட்டஈடும் இல்லை.

சில மாதங்களுக்கு முன் அவரைக் காது மருத்துவரிடம் காட்டச் சென்னைக்கு அழைத்துப் போனேன். ஊரிலிருந்து வாடகைக்கு எடுத்த சிறு கார். எந்தக் கம்பெனியுடையது என்பது இங்கே தேவையில்லை. நைனா முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். திருவள்ளூர் தாண்டி ஒரு நெரிசலில் வண்டி நின்றது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. நைனா கையைத் தூக்கி டேஷ்போர்டின் மேல் வைத்தார். சற்று நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, “தம்பி, இது நொண்டுதே” என்றார்.

ஓட்டுநருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். “சின்ன வண்டி பெரியவரே, அப்படித்தான் இருக்கும்” என்றார். பிறகு என் பக்கம் பாதி திரும்பி, “பழகிடுச்சு சார். ராத்திரி வீட்டுக்குப் போனா கொஞ்ச நேரம் கை விரல் மட்டும் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்” என்றார். அவர் உட்கார்ந்திருந்த சீட்டின் மேல் ஒரு துண்டை நான்காக மடித்துப் போட்டிருந்தார். தினமும் இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டுகிறவர். நண்பர் சொன்ன அதே வாக்கியத்தைத்தான் அவரும் சொன்னார். அனுபவிக்கிறவரின் வாயிலிருந்து வந்தால் அந்த வாக்கியம் எப்படி ஒலிக்கிறது என்று பாருங்கள்.

நைனாவின் கை தவறாகச் சொல்லவில்லை. அது மூன்று சிலிண்டர் எஞ்சின். அதில் நொண்டல் என்பது உவமையே அல்ல.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் காவடிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. தோளின் மேல் தண்டு. இரு முனைகளிலும் சம எடை. மொத்த பாரம் மாறுவதில்லை. ஆனால் ஒரு முனை ஏறும்போது மறு முனை இறங்குகிறது, தண்டு ஆடுகிறது. மூன்று சிலிண்டர் எஞ்சினிலும் இதுவே நடக்கிறது. பிஸ்டன்கள் மூன்றும் 120 பாகை இடைவெளியில் ஏறி இறங்குவதால் மேலும் கீழுமான விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. ஆனால் முதல் பிஸ்டன் இருக்கும் முனையும் மூன்றாம் பிஸ்டன் இருக்கும் முனையும் மாறி மாறித் தூக்கப்பட, எஞ்சின் முழுவதும் காவடித் தண்டைப் போல் ஆடுகிறது, கிராங்க் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை. நான்கு சிலிண்டரில் வெளியே உள்ள இரண்டும் ஏறும்போது உள்ளே உள்ள இரண்டும் இறங்கும். இருபுறமும் ஒத்திருப்பதால் இந்த ஆட்டம் கிடையாது. அதற்கு வேறொரு குறை உண்டு: ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை வரும் ஒரு நடுக்கம். சிறிய எஞ்சினில் அது பெரிதாகத் தெரிவதில்லை.

அடுத்தது எரிப்பின் எண்ணிக்கை. வண்டி நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடுகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிபொருள் பற்றுகிறது. நான்கு சிலிண்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 27 உந்தல்கள். மூன்று என்றால் 20. இரண்டு என்றால் 13. மூன்று சிலிண்டரில் ஒரு எரிப்புக்கும் அடுத்ததற்கும் 240 பாகை இடைவெளி, ஒரு பிஸ்டன் உந்தும் காலமோ 180 பாகை மட்டுமே. மீதி 60 பாகைக்கு யாரும் உந்துவதில்லை. கால் எட்டாத அந்த இடைவெளியைத்தான் நைனாவின் உள்ளங்கை பிடித்தது என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

எஞ்சினுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் மவுண்டுகள் இருக்கின்றன. அவை அதிர்வை விழுங்க வேண்டுமென்றால், வரும் அதிர்வு மவுண்டின் இயல்பான அலைவைவிட 1.4 மடங்குக்கு மேல் வேகமாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே ரப்பர் விழுங்காது, சில சமயம் பெருக்கிக்கூடக் கொடுக்கும். ஆகவே நொடிக்கு 27 துடிப்பை மறைப்பதைவிட 20ஐ மறைப்பது கடினம், 13ஐ மறைப்பது அதைவிடக் கடினம். மவுண்டை மென்மையாக்கினால் கிளட்சை விடும்போதெல்லாம் எஞ்சின் துள்ளும். கெட்டியாக்கினால் நடுக்கம் நேராக ஸ்டியரிங்குக்கு ஏறும். ஏ.சி. கம்ப்ரசர் சேரும் கணத்தில் பாரம் கூடி, நடுக்கமும் கூடுகிறது. நம் ஊர் வெயிலில் ஏ.சி. இல்லாமல் நிற்கும் வாடகைக் கார் எத்தனை?

இதை உடல் எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதும் ஊகமான விஷயமல்ல. உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு வரும் அதிர்வை அளக்கும் முறையை ஐ.எஸ்.ஓ. 2631 என்ற சர்வதேசத் தரம் 1974லிருந்தே சொல்லிவருகிறது, 1997ல் அது திருத்தி எழுதப்பட்டது. மேலும் கீழுமான அசைவில் உடல் அதிகம் துன்பப்படுவது நொடிக்கு 4 முதல் 8 அலைவுகளுக்கு இடையே. பள்ளம் மேடான சாலை கொடுப்பது அதைத்தான். கைகளுக்கான தரம் ஐ.எஸ்.ஓ. 5349. துளையிடும் கருவி போன்றவற்றைப் பிடித்து வேலை செய்பவர்களுக்காக உருவானது. அது அதிக எடை கொடுப்பது 8 முதல் 16 வரையான அலைவுகளுக்கு. 800 சுற்றில் ஓடும் மூன்று சிலிண்டர் எஞ்சினின் காவடி ஆட்டம் நொடிக்கு 13. கை எதை அதிகம் உணருமோ அதே இடத்தில் வந்து விழுகிறது. கார் ஸ்டியரிங்கின் நடுக்கம் துளைக்கும் கருவியின் அதிர்ச்சிக்கு அருகில்கூட வராது, அதனால் நோய் வரும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. பத்து மணி நேரம் அதைப் பிடித்திருப்பவருக்குக் களைப்பு வரும் என்கிறேன். களைத்த கைதான் இரவில் திருத்தணிச் சாலையில் நம்மை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மூன்று சிலிண்டரை நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. 1200 சி.சி.யை நான்காகப் பங்கிடுவதைவிட மூன்றாகப் பங்கிடுவதில் பொறியியல் நியாயம் உண்டு. உரசும் பாகங்கள் குறைகின்றன, எடை குறைகிறது, வெப்பம் சுவர் வழியே வீணாவது குறைகிறது. விற்கும் கார்களின் சராசரிக் கரியமில வாயு கிலோமீட்டருக்கு 130 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று 2017லும், 113 கிராமுக்குள் என்று 2022லும் விதிகள் இறுகின. அந்த இறுக்கத்தில் சிலிண்டரைக் குறைப்பது இயல்பான வழி.

சிலிண்டர் எண்ணிக்கை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதும் இல்லை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800க்கு மூன்று சிலிண்டர்தான், 796 சி.சி. அதற்கு முன் நாம் அறிந்த அம்பாசடருக்கு நான்கு, 1489 சி.சி. பிரீமியர் பத்மினிக்கும் நான்கு, 1089 சி.சி. கணக்குப்படி மாருதிதான் அதிகம் ஆடியிருக்க வேண்டும். ஆனால் மாருதியில் ஏறியவர்கள் எல்லோரும் ‘வண்டி ஓடுவதே தெரியவில்லை’ என்றார்கள். லேசான பிஸ்டன்கள், துல்லியமாகப் பொருந்திய பாகங்கள், யோசித்து வைத்த மவுண்டுகள். அக்கறையோடு செய்தால் மூன்றும் மிருதுவாக ஓடும், அசட்டையாகச் செய்தால் நான்கும் கிடுகிடுக்கும் என்பதற்கு நம் சாலைகளே சாட்சி. என் வாதம் அக்கறையைப் பற்றியது. அந்த அக்கறை சின்ன வண்டிக்கு வேண்டாம் என்று யார் முடிவு செய்தார்கள் என்பதே என் கேள்வி.

முதல் சாக்கு, விலை. காவடி ஆட்டத்தை அடக்க வழி தெரியாமல் இல்லை. கிராங்கின் வேகத்திலேயே எதிர்த் திசையில் சுழலும் ஒரு சமன்தண்டை வைத்தால் போதும், ஒரு காவடியின் ஆட்டத்தை எதிராக ஆடும் இன்னொரு காவடி அடக்கிவிடும். இங்கிலாந்தின் பிரெடரிக் லான்செஸ்டர் நான்கு சிலிண்டரின் நடுக்கத்துக்கு இப்படியொரு சுழலும் சமன்கருவியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். ‘தண்டு வைத்தால் செலவு, சின்ன வண்டி தாங்காது’ என்பார்கள்.

அவர்களுக்கு ஒரு பதில் 2009ல் நம் தெருவுக்கே வந்தது. டாடா நேனோ. ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்று 2008 ஜனவரியில் உலகமே வேடிக்கை பார்த்த வண்டி. இரண்டு சிலிண்டர், 624 சி.சி. உலகின் மிக மலிவான அந்தக் காரின் எஞ்சினுக்குள் சமன்தண்டு இருந்தது. எதையெல்லாம் கழற்றிவிடலாம் என்று ஒவ்வொரு ரூபாயாகப் பார்த்துச் செய்த வண்டி அது. வலதுபக்கக் கண்ணாடி ஒன்று போதும் என்று முடிவெடுத்த வண்டியில், சமன்தண்டு வேண்டும் என்று பொறியாளர்கள் முடிவெடுத்தார்கள். அது இல்லாவிட்டால் இரண்டு சிலிண்டர் வண்டியில் உட்காரவே முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நேனோ அமைதியான வண்டியாக ஆகிவிடவில்லை, 2018ல் அதன் உற்பத்தியும் ஏறத்தாழ நின்றுபோனது. அதன் கதை வேறு. ஆனால் ஒரு லட்சத்துக்கு முடிந்தது ஆறு லட்சத்துக்கு முடியாது என்று இனி யாரும் சொல்லக்கூடாது.

தண்டே வேண்டாம் என்றாலும் வழி உண்டு. 2013ல் மறைமலைநகரிலிருந்து வந்த ஃபோர்டு எகோஸ்போர்ட்டின் ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சினில் சமன்தண்டு கிடையாது. அதற்குப் பதிலாக ஃப்ளைவீலையும் முன்பக்கக் கப்பியையும் வேண்டுமென்றே சமனில்லாமல் செய்து, ஆட்டத்தை மவுண்டுகள் தாங்கக்கூடிய திசைக்குத் திருப்பிவிட்டார்கள். இதற்குத் தேவைப்பட்டது பணத்தைவிட யோசனை.

இரண்டாவது சாக்கு, ‘ஜனங்களுக்கு மைலேஜ் மட்டும் போதும்’ என்பது. மைலேஜை நான் இகழவில்லை. 2005ல் இந்தியாவுக்கு வந்த நாள் முதல் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினோடு விற்ற மாருதி ஸ்விஃப்ட், 2024 மே மாதம் மூன்று சிலிண்டருக்கு மாறியது. அளவு ஏறத்தாழ அதே 1200 சி.சி. சோதனைக்கூட மைலேஜ், கையால் கியர் மாற்றும் வண்டியில், லிட்டருக்கு 22.38 கிலோமீட்டரிலிருந்து 24.8 ஆனது. ஆயிரம் கிலோமீட்டருக்கு 4.36 லிட்டர் மிச்சம். லிட்டர் சுமார் நூறு ரூபாய் என்று வைத்தால் 436 ரூபாய். மாதம் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டும் வாடகைக் காருக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். ஆர்.கே.பேட்டையில் அது சிறிய தொகை அல்ல. ஆனால் அந்த இரண்டாயிரம் வண்டிச் சொந்தக்காரரின் பைக்குப் போகிறது. நடுக்கம் ஏதும் கூடியிருந்தால் அது ஓட்டுநரின் கைக்குப் போகிறது. பல வண்டிகளில் இருவரும் ஒருவரல்ல. இதைக் கணக்கில் எடுக்காமல் ‘ஜனங்கள்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

ஜனங்கள் மைலேஜுக்காக எதையும் பொறுப்பார்கள் என்பதும் உண்மையில்லை. 2015ல் மாருதி செலேரியோவில் ஒரு டீசல் எஞ்சின் வந்தது: இரண்டு சிலிண்டர், 793 சி.சி., லிட்டருக்கு 27.62 கிலோமீட்டர். மைலேஜ்தான் எல்லாம் என்றால் அந்த வண்டி தெருத்தெருவாக ஓடியிருக்க வேண்டும். விற்காமல் 2017ல் அந்த எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். டீசலுக்கும் பெட்ரோலுக்கும் விலை இடைவெளி குறைந்தது ஒரு காரணம். அந்த எஞ்சினின் கடகடப்பும் உதறலும் இன்னொரு காரணம். தேர்ந்தெடுக்க வழியிருந்தபோது நம் ஜனங்கள் தங்கள் உடம்பின் பக்கமே நின்றார்கள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது சாக்குகூட அல்ல, அளவுகோலின் சிக்கல். 2006 வரவு செலவுத் திட்டத்தில், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும், டீசலென்றால் 1500 சி.சி.யும், கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16ஆகக் குறைத்தார்கள். 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் அதே எல்லைகள் நீடித்தன. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த எல்லைக்குள் இருக்கும் கார்களுக்கு 18 சதவீதம், தாண்டியவற்றுக்கு 40. ஆகவே காரின் நீளத்தை மில்லிமீட்டர் கணக்கில் செதுக்குகிறார்கள். கரியமில வாயுவைக் கிராமில் அளக்கிறோம், அது குறைகிறது. மோதினால் என்ன ஆகும் என்பதை 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் நட்சத்திரங்களாகச் சொல்கிறது, இரண்டே வருடத்தில் வாங்குபவர்கள் ‘எத்தனை ஸ்டார்’ என்று கேட்கப் பழகிவிட்டார்கள். அரசு எதை அளந்ததோ அதற்கெல்லாம் பொறியாளர்கள் வழி கண்டார்கள்.

ஸ்டியரிங்கின் நடுக்கத்துக்கு விற்பனைத் தாளில் ஓர் எண்ணும் இல்லை. டிக்கியில் எத்தனை லிட்டர் என்று இருக்கிறது, திரை எத்தனை அங்குலம் என்று இருக்கிறது. ஏ.சி. ஓட வண்டி நிற்கும்போது இருக்கையில் எவ்வளவு, ஸ்டியரிங்கில் எவ்வளவு அதிர்வு என்பது மட்டும் இல்லை. அளக்க முடியாததால் அல்ல. கம்பெனிகள் ஒவ்வொன்றும் தங்கள் கூடங்களில் அதை அளந்துகொண்டுதான் இருக்கின்றன. ஹரியானாவின் மானேசரில் மத்திய அரசின் திட்டத்தில் உருவான ஐகேட் சோதனை நிலையத்தில் ஓசைக்கும் அதிர்வுக்கும் என்றே சிறப்பு ஆய்வுக்கூடம் இருக்கிறது. எண் இருக்கிறது, வாங்குபவனிடம் சொல்லப்படுவதில்லை, அவ்வளவுதான். நைனாவின் மீட்டர் கூலிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. துணியை அளந்தவர்களிடம் காதை அளக்கும் கருவி இல்லாமலா இருந்தது?

இனி நம்மைப் பற்றி, எழுதுகிற படிக்கிற நம்மைப் பற்றி. கார் விமரிசனம் எழுதுகிறவர்கள் இதற்கெல்லாம் ‘ரிஃபைன்மென்ட்’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். பண்பாடு, நயம், மேட்டிமை எல்லாம் கலந்த சொல். அந்தச் சொல் வந்த உடனேயே விஷயம் ரசிகர்களுடையதாகிவிடுகிறது. மதுவின் சுவையைப் பேசுவதுபோல் எஞ்சினின் நயத்தைப் பேசுகிறார்கள். ‘இந்த விலைக்கு ரிஃபைன்மென்ட் பரவாயில்லை’ என்று முடிக்கிறார்கள். அவர்கள் அந்த வண்டியில் இருப்பது ஓரிரண்டு நாள்.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. சாவியைத் திருப்பும்போதும் அணைக்கும்போதும் வருவது உதறல். நிற்கும்போது ஸ்டியரிங்கில் தெரிவது நடுக்கம். அதிக கியரில் மெதுவாகப் போனால் வருவது திணறல். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கதவும் கண்ணாடியும் சேர்ந்து முனகுவது அதிர்வு. பள்ளத்தில் இறங்கினால் வருவது குலுக்கல், அதற்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. உதறலுக்கும் நடுக்கத்துக்கும் மவுண்டையும் சமன்தண்டையும் பார்க்க வேண்டும், முனகலுக்குத் தகட்டையும் இறுக்கத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் ஊர்த் தறி ஃபிட்டர்கள் இப்படிப் பிரித்துத்தான் பேசுவார்கள், பிரித்துப் பேசினால்தான் பழுதைச் சரிசெய்ய முடியும். சொல் இல்லாதவனால் புகார் செய்ய முடியாது. ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்று சர்வீஸ் சென்டரில் சொன்னால், ‘எல்லா வண்டியும் அப்படித்தான் சார்’ என்று பதில் வரும். மொழியில் வேலை செய்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நாம், இந்தச் சொற்களை எடுத்துக் கொடுக்காமல், ‘வயிறு நிறைந்தவர்களின் புலம்பல்’ என்று முத்திரை குத்திவிட்டு நாவலுக்குத் திரும்பிவிடுகிறோம். அந்த நாவலில் உழைப்பவனின் உடல் பற்றி நாற்பது நிமிடம் பேசியிருந்தோம் என்பதையும் இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

மின்சாரக் கார் வந்துவிட்டது, இனி இந்தப் பேச்சே தேவையில்லை என்றும் நண்பர்கள் சொல்லக்கூடும். பிஸ்டனே இல்லாத வண்டியில் இந்த ஆட்டம் கிடையாது, உண்மைதான். அது முதலில் யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்று பாருங்கள். எங்கள் ஊருக்கு வண்டிகள் வருவது பெரும்பாலும் இரண்டாம் கை, மூன்றாம் கையாக. அதற்குள் மவுண்டின் ரப்பர் வெடித்திருக்கும், உள்ளே எண்ணெய் உள்ள மவுண்டென்றால் எண்ணெய் கசிந்து தீர்ந்திருக்கும். அசல் மவுண்டின் விலையைக் கேட்டுவிட்டுக் கெட்டி ரப்பரில் செய்த நகலைப் போடுவார்கள். நகர்க்காரர் ஓட்டியபோது மெல்லிய நடுக்கமாக இருந்தது, எங்களிடம் வரும்போது உதறலாகிவிடும். இன்று விற்கப்படும் பெட்ரோல் வண்டி இன்னும் பதினைந்து வருடம் ஓடும். அதன் கடைசிப் பத்து வருடத்தை எங்களைப் போன்ற ஊர்களில்தான் ஓடும்.

இன்னொரு விதத்திலும் இது எங்கள் விஷயம். இருங்காட்டுக்கோட்டையும் ஒரகடமும் எங்கள் பக்கத்து ஊர்கள் மாதிரி. 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த முதல் சான்ட்ரோ ஒரு லிட்டருக்குள் நான்கு சிலிண்டர் வைத்த சிறு கார். 2015ல் ஒரகடத்திலிருந்து வந்த க்விட் 799 சி.சி., மூன்று சிலிண்டர். தறியை விட்ட குடும்பத்துப் பையன்கள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குத்தான் போகிறார்கள். ஏற்றுமதிக்கும் உள்ளூருக்கும் வண்டி செய்கிற கைகள் இவை. தான் செய்த வண்டியின் நடுக்கத்தைப் பற்றிக் கேட்க இவனுக்கு உரிமை இல்லை என்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஏ.சி. ஓட, வண்டி நிற்கும் நிலையில், ஓட்டுநர் இருக்கையிலும் ஸ்டியரிங்கிலும் உள்ள அதிர்வை ஏற்கெனவே இருக்கும் சர்வதேசத் தரப்படி அளந்து, மைலேஜுக்குப் பக்கத்தில் அச்சிட வேண்டும். நட்சத்திரம் கொடுக்கும் திட்டத்தில் அதற்கும் ஓர் இடம் வேண்டும். எஞ்சின் மவுண்டுக்கு எஞ்சினுக்குள்ள அதே உத்தரவாதம் வேண்டும். எண் வெளியே வந்துவிட்டால் மீதியைச் சந்தை பார்த்துக்கொள்ளும், மோதல் சோதனையில் நாம் கண்டது அதுதான். யாரையும் நான்கு சிலிண்டருக்குத் திரும்பச் சொல்லவில்லை. மூன்றை ஒழுங்காகச் செய்யச் சொல்கிறேன்.

நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எங்கள் ஊருக்கு வாருங்கள். ஒரு வாடகைக் காரை எடுப்போம், நீங்களே ஓட்டுங்கள். காலை ஐந்து மணிக்கு ஆர்.கே.பேட்டையில் புறப்பட்டு, திருத்தணி, திருவள்ளூர் வழியாகப் பூந்தமல்லி நெரிசலில் நுழைந்து, மருத்துவமனை வாசலில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து, இரவு திரும்புவோம். மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இரவு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தபடி சொல்லுங்கள், ‘சின்ன வண்டிக்கு இது போதும்’ என்று. அப்போது நான் ஒப்புக்கொள்கிறேன். அதுவரை அந்தப் ‘போதும்’ ஓட்டுகிறவருக்கு உரியது. பின் இருக்கையில் உட்கார்ந்து அதைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.